வில்லங்கம் அடுக்களையில் இருந்தது

2018, தை மாதம். நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் இருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், கீழே ஒரு குடும்பமும் மேலே ஒரு குடும்பமும் குடியிருந்த பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். விலை 38 லட்சம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றை, 30 ஆண்டுக்கானதை, வழக்கறிஞர் பார்த்துவிட்டார். பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. தாய்ப்பத்திரமும் அதற்கு முந்தைய இரண்டு பிரமாணங்களும் கோர்வையாக இருந்தன. (பத்திரத்தைப் பிரமாணம் என்று சொல்லும் கடைசித் தலைமுறை எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.) பதிவுக்கு நாள் குறிக்க வேண்டியது மட்டுமே பாக்கி.

என் மனைவிக்கு அடுக்களையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. "யாரோ குடியிருக்கும் வீட்டின் அடுக்களையில் உனக்கென்ன வேலை?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அழைத்துப் போனேன்.

கீழ் வீட்டில் ஒரு வயதான அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மனைவி புகைக்கூண்டைப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், பேச்சுவாக்கில் "வாடகை எவ்வளவு அம்மா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அந்த அம்மா துருவுவதை நிறுத்தினார்.

"வாடகையா? நாங்கள் ஒற்றிக்கு அல்லவா இருக்கிறோம், மக்களே. மூன்றரை லட்சம் கொடுத்திருக்கிறோம்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். ரேஷன் அட்டைக்கும் யாருடைய கல்யாண அழைப்பிதழுக்கும் நடுவில் நான்காக மடித்த 20 ரூபாய் முத்திரைத் தாள் ஒன்று இருந்தது. விற்பவரின் கையெழுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு வீடு, வாடகை கிடையாது, காலி செய்யும்போது மூன்றரை லட்சம் திருப்பித் தர வேண்டும். அந்த மூன்று வருடத்தில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தின் கண்ணில் ஒற்றி என்பது அனுபவ அடமானம், அதாவது கொடுத்த பணத்தின் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிப்பது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ தொகைக்கு இப்படி அடமானம் வைத்தால் அதைப் பதிய வேண்டும் என்று 1882-இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் செலவு மிச்சம் என்று எங்கள் ஊரில் ஒற்றியைப் பதியாமல் சாதாரணத் தாளில் எழுதிக்கொள்பவர்கள் ஏராளம். பதியாத ஒன்று வில்லங்கச் சான்றில் எப்படி வரும்? சான்று துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. வில்லங்கம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது.

விற்பவரிடம் கேட்டதற்கு, "அது சின்ன விஷயம், சொல்ல மறந்துபோனேன்" என்றார். மூன்றரை லட்சத்தை விலையில் கழித்துக்கொண்டு, ஒற்றிப் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக்கொண்டோம். 2019 கடைசியில் அவர்கள் காலி செய்த அன்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அதுவரை கீழ் வீட்டில் இருந்து எனக்கு ஒரு பைசா வரவில்லை. கணக்குப் போட்டு வாங்கிய வீட்டில் பாதி வருமானம் முதல் இரண்டு வருடத்துக்கு இல்லை.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் என் அக்கா மகன். மஸ்கட்டில் இருக்கிறான். போன மாதம் அழைத்து, "மாமா, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, மீதிக்குக் கடன் எடுத்து நாகர்கோவிலில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் மாதாமாதம் வருமானம் வருமே" என்றான். தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். அவனைப்போல இந்த மாவட்டத்தில் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

முதலில் கணக்கு. என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. விலை 38 லட்சம். அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம்: 4 லட்சத்து 18 ஆயிரம். (2023-இல் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் இந்தச் சதவீதங்களைக் கணக்கிட அரசு குறித்துவைக்கும் வழிகாட்டி மதிப்பை அதே மூச்சில் ஏற்றினார்கள். அதனால் ரொம்பவும் மகிழ வேண்டாம்.) தரகருக்கு 50 ஆயிரம். வாங்கிய பிறகு குளியலறை, வயரிங், மட்டுப்பாவின் (மொட்டை மாடியின்) ஒழுக்கு என்று 2 லட்சத்து 30 ஆயிரம். எல்லாம் சேர்த்து 45 லட்சம்.

இன்று கீழ் வீட்டு வாடகை 7,500. மேல் வீடு வெயிலில் காயும், அதனால் 6,500. மாதம் 14,000, வருடம் 1 லட்சத்து 68 ஆயிரம். இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்தவில்லை. ஆள் மாறும் இடைவெளியில் வருடத்துக்குச் சராசரியாக ஒரு மாதம் போகிறது. மராமத்துக்கு 24 ஆயிரம், சொத்துவரியும் தண்ணீர் வரியும் சேர்ந்து 6 ஆயிரம், வெள்ளையடிப்பு, தரகு இரண்டையும் வருடத்துக்குப் பிரித்தால் ஒரு 4 ஆயிரம். கையில் நிற்பது 1 லட்சத்து 20 ஆயிரம். 45 லட்சத்துக்கு அது 2.67 சதவீதம். எந்தக் கவலையும் இல்லாமல் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்திருந்தாலும் ஏறக்குறைய அதுதான் கிடைத்திருக்கும், யாரும் ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

கடன் எடுத்து வாங்குவதாக இருந்தால் இன்னும் மோசம். 30 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 26,000-ஐ ஒட்டி வரும். வாடகை 14,000. மீதி 12,000-ஐ மாதாமாதம் மஸ்கட்டில் இருந்து நீ அனுப்ப வேண்டும், மருமகனே. வாடகைக்காரர் உன் கடனை அடைப்பார் என்று யாராவது சொன்னால், அவர் விற்கும் வீட்டை மட்டும் வாங்காதே.

அப்படியானால் எதற்காக வாங்குகிறார்கள்? நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில். அது நியாயமான நம்பிக்கைதான், பலருக்குப் பலித்தும் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் வாங்கும்போது, நிலத்தில் கை வைப்பதாகவும் வாடகை அதன் காவல் கூலி என்றும் தனக்குத்தானே ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும். அந்தத் தெளிவு இருந்தால் கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்க மாட்டோம். பாதையின் அகலம் எத்தனை அடி, கிணறு கோடையில் வற்றுமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்றெல்லாம் பார்ப்போம்.

இனி, எல்லோரும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

அந்தப் பயம் எனக்கு அப்பாவிடம் இருந்து வந்தது. கோட்டாறில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. 1971-இல் தாத்தா அதை ஒரு பலசரக்கு வியாபாரிக்கு மாதம் 45 ரூபாய்க்கு விட்டார். 1994-இல் வாடகை 180. பக்கத்துக் கடைக்காரர் ஆயிரத்துக்கு விட்டிருந்தார். அப்பா கேட்டுப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், கடைசியில் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போட்டார்.

1960-ஆம் ஆண்டுச் சட்டம் அது. யுத்த காலத்தில், 1941-இல், வீட்டுத் தட்டுப்பாட்டுக்காக மதராஸ் மாகாணத்தில் போட்ட உத்தரவில் தொடங்கி, 1946, 1949 என்று சட்டங்களாகி 1960-இல் வந்து நின்றது. அவற்றில் முதல் மூன்றும் வந்தபோது நாங்கள் மதராஸிலேயே இல்லை. திருவிதாங்கூரில் இருந்தோம். 1956 நவம்பர் 1-இல் இந்தப் பக்கம் சேர்ந்தோம், நான்காவது சட்டம் எங்களுக்கும் கிடைத்தது. அதில் நியாய வாடகை என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மனையின் சந்தை மதிப்பு, கட்டடத்தின் மதிப்பில் தேய்மானம் போக மீதி, வசதிகளுக்கு இவ்வளவு என்று கூட்டி, குடியிருப்பானால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையானால் 12 சதவீதம்.

சூத்திரம் என்றால் அளக்க வேண்டும். பொறியாளர் ஒருவர் டேப்புடன் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், டேப்பின் மறுமுனையைப் பிடிக்கும் வேலை எனக்கு. சுவரின் தடிமனை அளந்தார். கதவு தேக்கா அயனியா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். மிளகாய் மூட்டையை நகர்த்தித் தரையைப் பார்த்தார், தும்மினார். யாருக்கு எதிராக மனுப் போட்டோமோ அந்த வியாபாரி, பொறியாளருக்கும் அப்பாவுக்கும் எனக்கும் பக்கத்துக் கடையில் இருந்து டீ வரவழைத்தார். அப்பா குடித்தார். வழக்கு வேறு, டீ வேறு.

ஆறு வருடம் கழித்து வாடகை 1,150 என்று தீர்ப்பானது. வியாபாரி மேல்முறையீடு செய்தார். அதற்குள் அப்பாவுக்கு அலுத்துவிட்டது. கடைசியில் கையில் ஒரு தொகையைக் கொடுத்துக் காலி செய்ய வைத்தோம். அதாவது, முப்பது வருடம் குறைந்த வாடகையில் இருந்தவருக்கு, போவதற்கும் நாங்களே பணம் கொடுத்தோம். அதிலிருந்து அப்பா யாருக்கும் ரசீது கொடுக்க மாட்டார், எழுத்தில் எதுவும் தர மாட்டார். "எழுத்து இருந்தால் உரிமை கேட்பான்" என்பார். இந்த மாவட்டத்தில் பாதி வீட்டுக்காரர்கள் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. பெயர் நீளமானது: நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். இதில் 9, 12 சதவீதச் சூத்திரம் கிடையாது. நீங்களும் குடியிருப்பவரும் ஒப்புக்கொண்டு எழுதியதுதான் வாடகை. அப்பா இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அடுத்த வரி அவருக்குப் பிடித்திருக்காது: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவெண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவரை ஆட்சியர் அதற்கு நியமித்திருப்பார். இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கட்டுப்பாடு தொகையில் இருந்து தாளுக்கு இடம் மாறியிருக்கிறது என்பது என் புரிதல். பழைய சட்டத்தில் தாள் இல்லாதது வீட்டுக்காரருக்கு வசதி என்று நினைத்தார்கள். இப்போது தாள் இல்லாவிட்டால் முதலில் தடுமாறுபவர் வீட்டுக்காரர்தான். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வாடகை எவ்வளவு என்றே எழுத்தில் இல்லாதவர் பாக்கியை எப்படிக் காட்டுவார்? உங்கள் சம்மதம் எழுத்தில் இல்லாமல் இன்னொருவரைக் குடிவைத்தால் கேட்கலாம், வீட்டைச் சொன்ன காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் கேட்கலாம், உங்களுக்கே வீடு தேவைப்பட்டால் கேட்கலாம். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும் அதற்கு மேல் நான்கு மடங்கும் கேட்கலாம் என்றுகூட இருக்கிறது. காலம் எப்போது முடிகிறது என்பது தாளில் இருந்தால்தானே அந்த நான்கு மடங்கு?

மறுபக்கமும் உண்டு. இதைப் படிக்காமல் வீட்டுக்காரர் ஆனவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தக் காலத்தின் நடுவில், ஒப்பந்தத்தில் இல்லாமல், வாடகையை ஏற்ற முடியாது. ஏற்றுவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பாக்கி வைத்த குடும்பத்தை விரட்டுவதற்காக மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான்கு மாத பாக்கி அவர் பக்கம் நியாயமாக இருந்தது. ஃபியூஸைப் பிடுங்கிய அன்றில் இருந்து விளக்கம் சொல்லும் இடத்தில் அவர்தான் நின்றார்.

யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்கும் சட்டத்தின் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டடத்தின் அமைப்பு சம்பந்தமான வேலை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வெளி வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் செலவு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் செலவு. அந்தப் பட்டியலை நான் ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிடுகிறேன். ஐம்பது ரூபாய் வாஷருக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் வேலை அதோடு தீர்ந்தது.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் எந்தச் சட்டமும் தொடாது என்று தரகர்கள் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுத்துறையில் பதிய வேண்டும் என்ற பழைய விதியில் இருந்து தப்பிக்கப் பிறந்த பழக்கம் இந்தப் பதினொன்று. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு காரியம், மாதக் கணக்கு அதற்குத் தப்பும் வழி ஆகாது.

சட்டம் போதும். என் அனுபவத்தில் சட்டத்தால் போன பணத்தைவிட மழையால் போன பணம் அதிகம்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம். நமக்கு இரண்டு. இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில், ஆரம்பித்தால் கார்த்திகை தாண்டியும் சுவர் காயாது. ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-இல் அடித்தது. நான் வீடு பார்த்தது அடுத்த மாதம். சுவரெல்லாம் பளிச்சென்று புது வெள்ளை. "இப்போதுதான் அடித்தோம்" என்றார் விற்பவர். நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். புயல் முடிந்து மூன்று வாரத்தில் ஒருவர் எதற்காக வெள்ளையடிப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஜூன் மாதம் முதல் மழையில் மேல் வீட்டுப் படுக்கையறையின் கூரையில் இந்தியா வரைபடம்போல் ஒரு ஈரம் தெரிந்தது. ஜூலையில் இலங்கையும் சேர்ந்துகொண்டது.

அதனால் வாங்குவதாக இருந்தால் மழையில் போய்ப் பாருங்கள். வெயில் காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடு. மட்டுப்பாவில் ஏறி, தண்ணீர் இறங்கும் ஓட்டையைப் பாருங்கள், அங்கே பாசி எவ்வளவு உயரத்துக்கு இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலோரமாகப் பார்க்கிறவர்கள் கூரையின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டைத் தள்ளும். தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட வீட்டுக்கு விலை பேசுவதில் அர்த்தமில்லை, மனைக்கு மட்டும் பேசுங்கள்.

குடியிருக்க வருபவர்கள் யார் என்பது இடத்தைப் பொறுத்தது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றி நர்சுகளும் பயிற்சி மருத்துவர்களும் வருவார்கள், வாடகை ஒழுங்காக வரும், வருடத்துக்கொரு தடவை ஆள் மாறும். அஞ்சுகிராமம் பக்கம் கூடங்குளத்தில் வேலை பார்ப்பவர்கள். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருபவர்கள். நாகர்கோவிலில் மாற்றலாகி வரும் வங்கி ஊழியர்கள். எனக்குப் பிடித்தவர்கள், பக்கத்துத் தெருவில் சொந்த வீட்டை இடித்துக் கட்டுபவர்கள். வீட்டின் அருமை தெரிந்தவர்கள், சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். எட்டு மாதம் என்று சொல்லி வருவார்கள். கொத்தனாரும் மழையும் சேர்ந்து அதைப் பதினாறு மாதம் ஆக்குவார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் கீழ் வீடு காலியாக இருந்தபோது ஒரு நர்ஸ் குடும்பம் வந்து பார்த்தது. கணவர் பள்ளி ஆசிரியர். அட்வான்ஸ் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தரகர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணாச்சி, ஆட்கள் வேறு, தெருவில் ஒரு மாதிரி பேசுவார்கள்" என்றார். நான் "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்தச் சொல்லின் அர்த்தம் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆசிரியருக்கும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தார். மூன்றாவது தெருவில் ஒரு வீட்டில் இன்றும் இருக்கிறார்கள், ஒரு மாத வாடகைகூடத் தவறியதில்லை என்று அந்த வீட்டுக்காரரே சொன்னார். என் வீடு அந்த வருடம் ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. தெருவில் யாரும் அந்த ஏழு மாத வாடகையை எனக்குத் தரவில்லை. பணத்தை விடுங்கள், கடைத்தெருவில் அவரைப் பார்க்கும்போது இன்றும் நான்தான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

அதே வருடம் மேல் வீட்டில் இருந்தவர் கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் வேலை பார்த்தவர். ஊரடங்கு வந்தது, சுற்றுலாவே நின்றது, சம்பளமும் நின்றது. ஐந்து மாதம் வாடகை தரவில்லை. அப்போது 5,500, மொத்தம் 27,500. இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி, மனுப் போடலாம் என்றார் வழக்கறிஞர். நான் போடவில்லை. கருணையால் என்று சொன்னால் பொய். அவரைக் காலி செய்ய வைத்தால் அந்த நேரத்தில் வேறு யார் வரப்போகிறார்கள்? வேலை திரும்பிய பிறகு மாதம் 2,500 சேர்த்துத் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு மாதத்தில் முடித்தார். கடைசித் தவணையைக் கொடுக்க வந்தபோது ஒரு சீப்பு செவ்வாழையும் கொண்டுவந்தார்.

மின் இணைப்பு நம் பெயரில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் ஒருவர் காலி செய்துவிட்டுப் போனால், இரண்டு மாத ஏசி கட்டணம் நம் தலையில். காலி செய்யும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து, அதுவரை உள்ள யூனிட்டுக்கு அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை வருமானத்தில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைக் கணக்குக் கேட்காமலே மராமத்துக்கென்று விட்டுவிடுகிறார்கள். மிச்சத்துக்குத்தான் வரி. உள்ளாட்சிக்குக் கட்டும் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. மஸ்கட் மருமகனுக்கு மட்டும் ஒரு விசேஷச் செய்தி: வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் குடியிருப்பவர் ஏறக்குறைய 31 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் தர வேண்டும். கணக்குத் தாக்கல் செய்து அதிகமாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். இந்த விதி இருப்பது இங்கே வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. நீ அங்கே, வீடு இங்கே. சாவி யாரிடம்? "மாமா இருக்கிறீர்களே" என்பாய். இருக்கிறேன், ஆனால் எனக்கு வயது 52, மட்டுப்பாவுக்கு ஏறும் இரும்பு ஏணிக்கு முப்பது. கூலி பேசிக்கொண்டு ஒருவரை வைத்துக்கொள். சொந்தக்காரர்களைக் கூலியில்லாமல் வைத்தால் இரண்டு மழைக்காலம்தான் தாங்கும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் நேரில் போய் மூன்று கேள்விகள் கேள். வாடகையா ஒற்றியா, விற்பவரிடம் எவ்வளவு பணம் நிற்கிறது, எப்போது வரை. பதிலை ஒரு தாளில் எழுதி அவர்கள் கையெழுத்தையும் விற்பவர் கையெழுத்தையும் வாங்கு. நீ வீட்டை வாங்கும்போது, குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்த பணத்தைத் திருப்பித் தரும் கடனையும் சேர்த்தே வாங்குகிறாய். உனக்கு விடுமுறை கிடைக்காவிட்டால் அக்காவை அனுப்பு. அடுக்களைக்குள் போய்ப் பேசத் தெரிந்தவர்தான் போக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேல் வீட்டில் இருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு மாமரத்தின் சருகு முழுவதும் மட்டுப்பாவில் கிடக்கிறதாம், நேற்றைய மழையில் தண்ணீர் ஒரு சாண் நிற்கிறதாம். பட்டியலைத் திறந்து பார்த்தேன். சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் கணக்கு. மட்டுப்பாவின் ஓட்டையில் விழுந்த சருகு யார் கணக்கு என்று அதில் இல்லை. அவருடைய பையன் ஏணியைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். போய்விட்டு வருகிறேன்.